ஊரில் குடியேறிய ஓபரா



இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியர் ஐயாவை நான் நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து இதை வைத்தார் என்று அவருடைய மகள் சொன்னார்கள். நம் ஊரார் அதிகம் கேட்டிராத ஓர் இசையைப் பற்றி ஆண்டுதோறும் யாரேனும் இங்கே வந்து பேச வேண்டும் என்பது அவர் ஆசையாம். அதை மனத்தில் வைத்துத்தான் இன்றைக்கு ஓபராவை எடுத்துக்கொண்டேன். ஓபரா என்றதும் லண்டன், வியன்னா, மிலான் என்று பெருநகரங்கள்தான் நினைவுக்கு வரும். நான் பேசவிருப்பது இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் வட்டாரத்தில், கம்பளித் துணியால் வளர்ந்த லீட்ஸ் நகரத்து ‘ஓபரா நார்த்’ குழுவைப் பற்றி. அதிலும் அந்தக் குழுவின் சீசன்களைப் பற்றி.

சீசன் என்ற சொல் நமக்குப் பழக்கமானது. மார்கழி பிறந்தால் எந்தச் சபாவில் யார் கச்சேரி என்று பட்டியல் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். லீட்சில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரே அரங்கு, ஒரே இசைக்குழு, ஒரே கோரஸ். ‘வரும் இலையுதிர் காலத்தில் இந்த மூன்று ஓபராக்களைத் தருகிறோம்’ என்று ஊருக்கு முன்கூட்டியே சொல் கொடுப்பார்கள். கொடுத்த சொல்லைக் காப்பார்கள். குளிர்காலம் வந்ததும் மறுபடி சொல் கொடுப்பார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குழு இப்படிச் செய்துவந்தால் அந்த ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2009 முதல் 2016 வரை லீட்சில் வேலை பார்த்தேன். போன முதல் குளிர்காலத்தில், உடன் பணியாற்றிய ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, அவருடைய சீட்டு எனக்கு வந்தது. மேல் பால்கனி. செங்குத்தான படிகள்; குனிந்தால் மேடையில் விழுந்துவிடுவோமோ என்று தோன்றும். கதை எனக்குப் பாதிதான் விளங்கியது. இடையில் கோரஸ் வந்து நின்று வாய் திறந்தது. ஒலிபெருக்கி இல்லாமல் முப்பது மனிதக் குரல்கள் சேர்ந்து ஓர் அரங்கை நிரப்புவதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி என் பக்கம் சாய்ந்து, “இடப்பக்கம் தாடி வைத்திருக்கிறார் பாருங்கள், அவர் எங்கள் தெருக்காரர்” என்றார். கதாநாயகியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வந்தது அந்தத் தாடிக்காரரைக் கேட்கத்தான் போலும். அந்தச் சொல்லின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

வடக்கு இங்கிலாந்துக்கு ஓபரா, இந்தக் குழு முதலில் மேடையேறிய 1978இல்தான் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு நூறு ஆண்டு முன்பே வந்துகொண்டிருந்தது, வந்து, போய்க்கொண்டிருந்தது. ஹாம்பர்க்கில் பிறந்த கார்ல் ரோசா 1873இல் தொடங்கிய குழு, ஓபராக்களை ஆங்கிலத்தில் பாடிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியது. 1960 வரை ஏதோ ஒரு வடிவில் அது உயிரோடு இருந்தது. 1922 பிப்ரவரியில் பிரிட்டிஷ் தேசிய ஓபராக் குழு தன் முதல் ஆட்டத்தையே லீட்சுக்குப் பக்கத்து ஊரான பிராட்ஃபோர்டில்தான் நடத்தியது, வெர்டியின் ‘அயீடா’. சில ஆண்டுகளில் அதுவும் கலைந்தது. பிறகு லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் குழு வந்துபோனது. 1968இல் லண்டனிலேயே பெரிய அரங்கான கொலிசியத்துக்கு அது மாறியது. 1974இல் ஆங்கிலத் தேசிய ஓபரா என்று பெயர் சூட்டிக்கொண்டது. பெரிய மேடைக்குக் கட்டிய செட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போவது வரவரக் கடினமாயிற்று.

வந்துபோகும் குழுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. விருந்தாளி கொண்டுவரும் பலகாரமும் இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடுப்பு அந்த ஊரில் இல்லை. லாரி கிளம்பிவிட்டால் ஊரில் மிஞ்சுவது சுவரொட்டிதான். இத்தனைக்கும் அந்த வட்டாரத்துக்குப் பாட்டு புதிதில்லை. ஹடர்ஸ்ஃபீல்டின் கோரஸ் சங்கம் 1836இல் தொடங்கியது. ஆலையில் வேலை பார்த்தவர்களும் கடை வைத்திருந்தவர்களும் மாலையில் கூடி ஹாண்டலின் ‘மெசையா’வைப் பாடிப் பாடி அதைத் தங்கள் வீட்டுச் சொத்தாக்கிக்கொண்ட நாடு அது. வில்லியம் வால்டன் எழுதிய ‘பெல்ஷாசரின் விருந்து’ என்ற பெரும் கோரஸ் படைப்பு 1931இல் அரங்கேறியதும் லீட்ஸ் விழாவில்தான். கேட்கக் காது இருந்தது, பாடத் தொண்டை இருந்தது. நிலையாக ஒரு குழு இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் குறை 1977இல் தீர்ந்தது. ஆங்கிலத் தேசிய ஓபராவின் நிர்வாக இயக்குநராக அப்போது இருந்தவர் ஹேர்வுட் பிரபு. லீட்சுக்கு வடக்கே உள்ள ஹேர்வுட் மாளிகை அவருடைய குடும்ப வீடு. அவருடைய காலத்தில், லண்டன் குழுவின் வடக்குக் கிளையாக இந்தக் குழு தொடங்கப்பட்டது. டேவிட் லாய்ட் ஜோன்ஸ் முதல் இசை இயக்குநர். 1978 நவம்பர் 15 அன்று லீட்ஸ் கிராண்ட் தியேட்டரில் முதல் ஆட்டம், சேன்-சான்சின் ‘சாம்சனும் தலைலாவும்’. அந்த அரங்கு திறக்கப்பட்டது 1878 நவம்பர் 18. நூறு ஆண்டு நிறைய மூன்றே நாள் இருந்தபோது, அந்தக் கட்டடத்துக்குச் சொந்தமாக ஓர் ஓபராக் குழு கிடைத்தது. மூன்று ஆண்டுக்குள், 1981இல், கிளை தனிமரமாகி ‘ஓபரா நார்த்’ ஆனது.

இதில் முக்கியமானது முதல் ஆட்டமோ முதல் நாயகனோ என்று நான் கருதவில்லை. ஒரு முழு இசைக்குழுவும் ஒரு முழுநேரக் கோரஸும் மாதச் சம்பளத்தில் அந்த ஊரில் அமர்த்தப்பட்டதுதான் முக்கியம். வேலை நிரந்தரம் என்றால் மனிதர்கள் வீடு பார்ப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பார்கள், ஓய்வு நேரத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். என் மகளுக்கு வயலினில் வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தக் குழுவின் பின்வரிசைக் கலைஞர் ஒருவர். வகுப்பு முடிந்து அவர் சைக்கிளில் அரங்குக்குப் போவார். அன்றிரவு நாங்கள் பால்கனியிலிருந்து மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் அவருடைய தலையைத் தேடுவோம். அதே இசைக்குழு ஓபரா இல்லாத நாட்களில் ஹடர்ஸ்ஃபீல்டு, டியூஸ்பரி நகர மண்டபங்களில் சிம்பனிக் கச்சேரி செய்யும். நாட்டில் வேறெந்த ஓபராக் குழுவின் வாத்தியக்காரர்களுக்கும் இப்படி ஆண்டு முழுவதும் இரட்டை வாழ்க்கை அமைந்ததாகத் தெரியவில்லை.

ஒரு சீசன் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பார்வையாளர் கண்ணில் படாத இந்தக் கணக்கில்தான் எனக்கு அழகு தெரிகிறது.

ஓபராப் பாடகருக்கு ஒலிபெருக்கி கிடையாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வாத்தியங்களைத் தாண்டி, ஏறத்தாழ 1,500 பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசைக்கு வெறும் குரல் போய்ச் சேர வேண்டும். பெரிய வேடம் பாடியவர் மறுநாளும் அதே வேடத்தைப் பாட முடியாது. தொண்டைக்கு ஓரிரு நாள் ஓய்வு வேண்டும். அப்படியானால் அரங்கை ஒருநாள் விட்டு ஒருநாள் பூட்டிவைப்பதா? இதற்குக் கண்டுபிடித்த வழிதான் மாறி மாறி ஆடுவது. இன்று மோசார்ட், நாளை புச்சினி, மறுநாள் பெஞ்சமின் பிரிட்டன், பிறகு மறுபடி மோசார்ட். நாயகர்கள் ஓய்வெடுக்கிறார்கள், அரங்கு ஓய்வதில்லை. நள்ளிரவில் ஒரு செட்டைக் கழற்றி, விடிந்ததும் அடுத்ததைப் பூட்டும் மேடைத் தொழிலாளர்களுக்கும் ஓய்வு குறைவுதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் கோரஸுக்கு ஓய்வு எங்கே? நாயகி மாறுவாள், நாயகன் மாறுவான்; கோரஸ் மூன்றிலும் அதே மனிதர்கள். இன்று மாலை கிராமத்தார், நாளை மாலை அரண்மனை விருந்தினர், பகலில் அடுத்த பருவத்து ஓபராவுக்கு ஒத்திகை. மூன்று ஓபராவிலும் பெரிய கோரஸ் வைத்துவிட்டால் அவர்கள் தாங்க மாட்டார்கள். மூன்றிலும் இல்லாமல் செய்துவிட்டால், ஆண்டுச் சம்பளம் வாங்கும் கலைஞர்களைச் சும்மா உட்காரவைத்ததாகும், ஊராருக்கும் ஏமாற்றம். ஆகவே ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சிறிது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த ஓபரா, டிக்கெட் விற்கும். ஒன்று அரிதாக மேடையேறுவது. ஒன்று பழைய செட்டை எடுத்துத் தூசு தட்டியது. இவற்றோடு பள்ளத்தில் எத்தனை வாத்தியம் கொள்ளும், எந்தப் பாடகருக்கு எந்த மாதம் தேதி இருக்கிறது என்று ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட வேண்டும். நல்ல சமையல்காரர் ஒரு பந்திக்குப் பதார்த்தம் தீர்மானிப்பதைப் போன்ற வேலை இது. ஒவ்வொன்றும் தனித்தனியே ருசியாக இருந்தால் போதாது; ஒரே இலையில் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

2020ஆம் ஆண்டுக் குளிர்காலச் சீசன் எனக்கு இதில் பாடப்புத்தகம். மூன்று ஓபராக்கள். மோசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஊரறிந்தது. அதன் மேடையாக்கம் முன்னமே செய்தது. கர்ட் வைல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு எழுதி 1947இல் அரங்கேறிய ‘ஸ்ட்ரீட் சீன்’ அரிதாகவே ஆடப்படுவது. ஒரு வாடகைக் குடியிருப்பில் இரண்டு நாளில் நடக்கும் கதை, எக்கச்சக்கமான சின்ன வேடங்கள். மூன்றாவது பெஞ்சமின் பிரிட்டனின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்குரூ’. பதின்மூன்றே வாத்தியங்கள், கோரஸே கிடையாது. கணக்கு புரிகிறதா? பிரிட்டன் நடக்கும் இரவு கோரஸ் வீட்டில் இருக்கலாம். ‘ஸ்ட்ரீட் சீன்’ இரவில் அவர்கள் திரளாக நிற்பதோடு, ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து தனி வேடமும் ஏற்கிறார்கள். அத்தனை சிறு வேடங்களுக்கும் வெளியாள் அமர்த்த எந்த வட்டாரக் குழுவிடமும் பணம் இராது. சொந்தக் கோரஸில் நடிக்கத் தெரிந்த, தனியாகப் பாடத் தெரிந்த ஆட்கள் இருந்தால்தான் அந்த ஓபராவை எடுக்கவே முடியும். பட்டியலை ஊரிலிருந்து நண்பர்கள் அனுப்பியபோது அந்தத் தாடிக்காரரை நினைத்துக்கொண்டேன். அந்தச் சீசன் முழுதாக முடியவில்லை. மார்ச்சில் கொரோனாவால் நாடே அடைபட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லீட்சில் சில வாரம் ஆடியபின் குழு லாரி ஏறும். நியூகாசிலில் தியேட்டர் ராயல், 1837இல் திறந்தது. நாட்டிங்ஹாமிலும் ஒரு தியேட்டர் ராயல், 1865இல் திறந்தது. சால்ஃபோர்டில் பழைய கப்பல் துறையை ஒட்டி 2000இல் கட்டிய லவுரி அரங்கம். சில ஆண்டுகளில் ஹல் நகரமும் உண்டு. ஓர் ஊருக்கு ஒரு வாரம். நான்கு அரங்கும் நான்கு அளவு. ஒன்றில் மேடையின் ஆழம் குறைவு, ஒன்றில் பள்ளம் குறுகல். வரைபடம் போடும்போதே மிகச் சிறிய மேடையை மனத்தில் வைத்து, லாரிக்குள் மடங்கும்படி செட்டைத் திட்டமிட வேண்டும். இது கலைக்குத் தளை என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. தூக்கிக்கொண்டு போக முடியாத ஆடம்பரத்தை முதலிலேயே கழித்துவிடுவதால், மிஞ்சுவதெல்லாம் கதைக்கு வேண்டியதாகவே இருக்கும்.

தூசு தட்டிய பழைய செட் என்று சொன்னேன். அதற்குச் சான்றாக ஒன்று. 1993இல் ஃபிலிடா லாய்ட் என்ற இயக்குநர் புச்சினியின் ‘லா போஎம்’ ஓபராவை இந்தக் குழுவுக்காக மேடையேற்றினார். பின்னாளில் ‘மம்மா மியா’ மேடை நாடகத்தாலும் படத்தாலும் உலகறிந்தவர் அவர்தான். அந்த ‘லா போஎம்’ முப்பது ஆண்டுகளாக மறுபடி மறுபடி மேடையேறுகிறது. பணக் கண்ணோட்டத்தில் பார்த்தால் லாபம்: செட் செலவு எப்போதோ தீர்ந்தது. ஊரின் கண்ணோட்டத்தில் வேறொன்று. தாய் இளம்பெண்ணாகப் பார்த்த அதே பனிக்கால அறையை, அதே கணப்படுப்பை, மகள் வந்து பார்க்கிறாள். பாடுபவர் மட்டும் மாறியிருக்கிறார். போன தடவை கதாநாயகி மீமியாகப் பாடியவரையும் இந்தத் தடவை பாடுபவரையும் இடைவேளையில் ஒப்பிட்டுப் பேசுவார்கள். கேட்பவரின் காது தேறுவது அந்தப் பேச்சில்தான்.

அந்தக் காலத்திலேயே அதே இயக்குநர் பிரிட்டனின் ‘குளோரியானா’வையும் இங்கே எடுத்தார்; ஜோசஃபின் பார்ஸ்டோ முதலாம் எலிசபெத்தாகப் பாடினார். 1953இல் முடிசூட்டு விழாவை ஒட்டி லண்டனில் அரங்கேறி, பெரிய மனிதர்களின் கூட்டத்தில் ஆறிய கஞ்சியாகிப்போன ஓபரா அது. அதற்கு மறுவாழ்வு தந்ததில் லீட்சுக்குப் பெரும் பங்குண்டு. தலைநகரம் தள்ளிவைத்ததை எடுத்துப் பார்க்கும் பொறுமை இத்தகைய குழுக்களுக்கு வாய்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சீசனின் வடிவத்தையே மாற்றிப் பார்த்த துணிச்சலும் இவர்களுக்கு உண்டு. 2004இல் எட்டு ஓரங்க ஓபராக்களை ஒரே சீசனில் ஏற்றினார்கள். 2017இல் மறுபடி ஆறு. ‘கவாலேரியா ருஸ்திகானா’, ‘பாலியாச்சி’ இரண்டும் நூறாண்டாக ஒரே இரவில் இரட்டையராக ஆடப்படுபவை. 2017இல் அவற்றைப் பிரித்து வேறு வேறு ஜோடிகளோடு சேர்த்தார்கள். சிசிலியக் கிராமத்துக் கொலைக் கதைக்கு இணையாகக் கில்பர்ட்டும் சல்லிவனும் எழுதிய நீதிமன்றக் கேலிக்கூத்து! ஒரு மணி நேர ஓபரா ஒன்றுக்கு மட்டும் தனியாகச் சீட்டு வாங்கலாம். வேலை முடிந்து வருகிறவர் ஒன்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஓபராவுக்குப் புதியவரை மூன்றரை மணி நேரம் உட்காரவைத்து மிரட்டாமல் உள்ளே அழைத்துவர இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது.

வாக்னரின் ‘ரிங்’ பற்றிச் சொல்லாமல் போனால் லீட்ஸ் நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். நான்கு ஓபராக்கள், சேர்த்தால் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம், நூறு வாத்தியக்காரர் அளவுக்குப் படை. கிராண்ட் தியேட்டரின் பள்ளத்தில் அந்தப் படை இறங்காது. அந்த அரங்கில் முடியாது என்று இவர்கள் கைவிட்டிருக்கலாம். 1858இல் திறந்த லீட்ஸ் நகர மண்டபத்துக்கு அதை எடுத்துப் போனார்கள். செட் கிடையாது. இசைக்குழு மேடையிலேயே அமர்ந்தது. பாடகர்கள் அதற்கு முன்னால் நின்றார்கள். பின்னால் மூன்று பெரிய திரைகளில் நீரும் நெருப்பும் மலையும், கூடவே கதைச் சுருக்கமும். ரிச்சர்ட் ஃபார்ன்ஸ் நடத்தினார். 2011இல் முதல் பாகம், ஆண்டுக்கு ஒன்றாக 2014இல் நான்காவது. 2016இல் நான்கையும் ஒரே வாரத்தில் தொடர்ந்து, லீட்ஸ், நாட்டிங்ஹாம், சால்ஃபோர்ட், கேட்ஸ்ஹெட், லண்டன் என ஐந்து இடங்களில். லீட்சில் நான்கு இரவும் நான் இருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் கோடை வந்தால் அடுத்த பாகம் என்று ஊரே காத்திருந்த கதை அது. தொடர்கதையை வாராவாரம் படித்து வளர்ந்த நமக்கு அந்தக் காத்திருப்பின் இன்பத்தை விளக்க வேண்டியதில்லை. நான்காம் இரவு முடிந்ததும் ஊரார் எழுந்து நின்று கைதட்டியது யாரோ ஒரு நட்சத்திரத்துக்காக அல்ல. முகம் தெரிந்த நூறு பேருக்காக. பள்ளத்துக்குள் மறைந்தே வாசித்துவந்தவர்களை அன்றுதான் ஊர் வெளிச்சத்தில் பார்த்தது.

மொழி பற்றி ஒரு சொல். ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடினார்கள். பின்னர் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு ஓடும் பலகை வந்ததும் மூலமொழி மேலோங்கியது. சிரிக்கவைக்கும் ஓபரா கேட்பவர் மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பலகையைப் படித்துச் சிரிக்கும் சிரிப்பு, பாடகர் வாயைத் திறக்கும் முன்பே வந்துவிடுகிறது.

2022 அக்டோபரில், மகளைப் பார்க்க மறுபடி லீட்ஸ் போயிருந்தேன். அந்தப் பருவத்தில் ‘ஆர்ஃபியஸ்’ ஆடிக்கொண்டிருந்தது. 1607இல் இத்தாலியின் மாந்துவா நகரில் அரங்கேறிய மொண்டெவெர்டியின் ஓபரா. மனைவியைப் பாம்பு தீண்ட, அவளை மீட்கப் பாதாளம் போகும் பாடகனின் கதை. இதை ஓபரா நார்த், அதே ஊரைச் சேர்ந்த ‘சவுத் ஏஷியன் ஆர்ட்ஸ் யூகே’ அமைப்போடு சேர்ந்து புதிதாக்கியிருந்தது. பழைய ஐரோப்பிய இசையில் தேர்ந்த லாரன்ஸ் கம்மிங்ஸ் ஒரு பக்கம். லீட்சிலேயே வளர்ந்த சிதார் கலைஞர் ஜஸ்தீப் சிங் தேகன் மறுபக்கம். அன்னா ஹிமாலி ஹோவார்டின் இயக்கத்தில் கதை ஒரு வீட்டுக் கொல்லைத் தோட்டத்தில், கல்யாண வீட்டில் தொடங்கியது. மேடையிலேயே ஹார்ப்சிகார்டும் தபேலாவும் சிதாரும். மொண்டெவெர்டியின் ஸ்வரங்கள் நிற்கும் இடத்தில் ஒரு ராகம் எடுத்துக்கொண்டு போகும்; ராகம் வந்து இறங்கும் இடத்தில் இத்தாலியப் பாட்டு தொடரும்.

இத்தாலியம், உருது, இந்தி, பஞ்சாபி, வங்காளம், மலையாளம், தமிழ் என்று பல மொழிகளில் பாடினார்கள். பாம்பு தீண்டிய மனைவி யூரிடிசியாகப் பாடியவர் ஆஷ்னா சசிகரன், கர்நாடக இசை பயின்றவர். அந்த அரங்கின் கூரையை எத்தனையோ இரவு அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அதன்கீழ் தமிழ் ஒலிக்கும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. கண் கலங்கியது. என் மொழி என்பதால் மட்டும் அல்ல. வெளியூரிலிருந்து வந்து ஒருநாள் காட்டிவிட்டுப் போன புதுமையாக அது இல்லை. சீசனின் ஓர் அங்கமாக, வழக்கமாகச் சீட்டு வாங்கும் யார்க்‌ஷயர்க்காரர்களும், முதல்முறையாகப் படியேறி வந்த நம் நாட்டுக் குடும்பங்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு அதுவும் மற்ற ஓபராக்களைப் போலவே லாரி ஏறி நியூகாசிலுக்கும் நாட்டிங்ஹாமுக்கும் சால்ஃபோர்டுக்கும் போனது. தேகனும் அந்த ஊர்க்காரர், குழுவும் அந்த ஊர்க் குழு. பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள் சந்தித்துக்கொண்டதால் பிறந்த ஓபரா அது.

ஆர்ஃபியஸ் சுற்றுப்பயணம் நடந்த அதே நவம்பரில் இங்கிலாந்தின் கலைக் கவுன்சில் புதிய மானியப் பட்டியலை வெளியிட்டது. ஆங்கிலத் தேசிய ஓபராவுக்குப் பேரிடி. லண்டனைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை. வேல்ஸ் தேசிய ஓபராவுக்கு இங்கிலாந்தில் ஆடுவதற்காகக் கிடைத்த தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெட்டு. கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவின் சுற்றுப்பயண மானியம் பாதியானது. அவர்கள் பயணத்தையே நிறுத்திக்கொண்டார்கள். லிவர்பூலை எண்ணிப் பாருங்கள்: வேல்ஸ் குழுவும் வருவதை விட்டது, கிளைண்ட்போர்னும் விட்டது. இத்தனை பெரிய துறைமுக நகரத்துக்கு விருந்தாளிகள் இருவரும் ஒரே வீச்சில் இல்லாமல் போனார்கள். சொந்த அடுப்பு இல்லாத வீட்டின் நிலை அது. ஓபரா நார்த்தின் மானியம் குறையவில்லை. விலைவாசி ஏறும் காலத்தில் ஏறாத மானியமும் தேய்வுதான் என்றாலும், லீட்சின் சீசன் நின்றுவிடவில்லை. 2023 இலையுதிர் காலத்தில் மூன்று ஓபராக்களையும் பழைய செட், பழைய உடைகளைக் கொண்டு, ஒன்றின் அமைப்பை மற்றதற்கும் பயன்படுத்தி, ‘பசுமைச் சீசன்’ என்ற பெயரில் நடத்தினார்கள். அந்த ஆண்டு முடிவில் ஆங்கிலத் தேசிய ஓபரா தன் புதிய ஊராக மான்செஸ்டர் வட்டாரத்தை அறிவித்தது. 1977இல் கிளை ஊன்றிய தாய்க்குழு, இப்போது வேர் தேடி வடக்கே வருகிறது. அங்கே ஆடுவதோடு நில்லாமல் குடியேறவும் வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

குடியேறுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு லீட்சின் தெற்கே பெல் ஐல் என்ற பகுதியைக் காட்டுவேன். வசதி குறைந்த குடும்பங்கள் வாழும் இடம். 2013 முதல் அங்குள்ள விண்ட்மில் தொடக்கப் பள்ளியில் இந்தக் குழு இசை கற்பிக்கிறது. பிள்ளைகள் பாடுகிறார்கள், ஆளுக்கொரு வாத்தியம் கற்கிறார்கள். பாடும் கலைஞர்கள் ஊரிலேயே இருப்பதால்தான் வாரத்துக்கு வாரம் வகுப்பு நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் குழுவால் ஒரு நாள் நிகழ்ச்சி காட்டலாம். வகுப்பு எடுக்க முடியாது.

2020 மார்ச்சில் நின்றுபோன சீசனுக்குத் திரும்புகிறேன். அரங்குகள் பூட்டப்பட்டன. கூடிப் பாடுவதே ஆபத்து என்றான காலம். கோரஸ் என்பதன் பொருளே கூடிப் பாடுவதுதான். அந்த டிசம்பரில் லீட்ஸ் நகர மண்டபத்திலிருந்து பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’வை நேரலையில் தந்தார்கள். மார்க் விகில்ஸ்வொர்த் நடத்தினார். வாத்தியக்காரர்கள் குறைந்த எண்ணிக்கையில், இடைவெளி விட்டு. இங்கே என் வீட்டில், எல்லாரும் தூங்கிய பிறகு, மடிக்கணினியின் சின்னத் திரையில் பார்த்தேன்.

அந்த ஓபராவில் முதல் அங்கத்தின் கடைசியில் ஓர் இடம் வரும். இருட்டறையில் கிடந்த கைதிகளைச் சிறிது நேரம் முற்றத்துக்கு விடுவார்கள். வெளிச்சம் கண்ணைக் கூச, மெல்ல மெல்ல, ஒருவர் பின் ஒருவராகக் குரலெடுப்பார்கள். காவலர் கேட்கிறார்கள் என்று நினைவு வந்ததும் தணித்துப் பாடுவார்கள். லீட்ஸ் கோரஸ் அன்று தள்ளித் தள்ளி நின்று பாடியது. மண்டபத்தில் ஓர் ஆள் இல்லை, கைதட்டல் இல்லை. ‘ரிங்’ இரவுகளில் நான் உட்கார்ந்த வரிசை எங்கேயிருக்கும் என்று கண் தேடியது. இடப்பக்கம், கொஞ்சம் பின்னால், நரை கூடிய தாடியோடு ஒருவர் வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தார். அவராகத்தான் இருக்க வேண்டும். அந்த மூதாட்டியும் அன்றிரவு தம் வீட்டில் பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன்.